கம்பிச் சிற்பத்தில் உடல் எங்கே இருக்கிறது?

கலைக்கண்காட்சியில் கம்பியால் செய்த ஒரு மனித உருவத்தின் அருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பேச்சு காதில் விழும். "எலும்புக்கூடு மாதிரி இருக்கே, மேல்வேலை இன்னும் முடியலையா?" என்பது ஒன்று. "கம்பியை வளைச்சு வெச்சா சிற்பமா? எங்க வீட்டுப் பிள்ளையே செய்யுமே" என்பது இன்னொன்று. கோயில் தூண் ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் மெய்மறந்து நிற்கக்கூடியவர்களே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ரசனையில் குறையில்லை. கல், மரம், வெண்கலம் என்று கை பட்டால் தடுக்கும் ஒன்றைத்தான் நாம் சிற்பம் என்று பழகியிருக்கிறோம். கம்பி மனிதனின் மார்புக்குள் கையை நீட்டினால் கை முதுகுப்பக்கம் வந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த உடல் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமலே கடந்துபோவதால்தான் கம்பிச் சிற்பத்தைப் பற்றி இவ்வளவு தவறான பேச்சு நடக்கிறது. கலைப்படிப்பு எதுவும் இல்லாதவருக்கும் புரியும்படி இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

## முதலில் ஓர் உருவம்

சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926-ல் அமெரிக்காவிலிருந்து பாரிசுக்குப் போனபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பரம்பரையே சிற்பப் பரம்பரை. ஃபிலடெல்ஃபியா நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் சுமார் 11 மீட்டர் உயர வெண்கல வில்லியம் பென் சிலை அவருடைய தாத்தா செய்தது. அப்பாவும் சிற்பி, அம்மா ஓவியர். இவர் மட்டும் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்து 1919-ல் பட்டம் வாங்கினார். அப்புறம்தான் ஓவியப் பள்ளிக்குப் போனார். ஆனால் கம்பி அதற்கெல்லாம் முன்பே அவர் கையில் இருந்தது. சிறுவனாக இருந்தபோது, தெருவில் கேபிள் வேலை செய்தவர்கள் விட்டுப்போன செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்து போட்டிருக்கிறார்.

அதே பாரிசில் அப்போது ஊரே பேசிக்கொண்டிருந்த நடனக்காரி ஜோசபின் பேக்கர். 1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். 1925-ல் பாரிஸ் மேடையேறி, சில மாதங்களிலேயே பெரும் புகழ் பெற்றுவிட்டார். அவரைக் கால்டர் 1926 முதல் சில ஆண்டுகளுக்குள் பலமுறை கம்பியில் செய்தார். அவற்றில் 1927-ஐ ஒட்டிச் செய்த ஒன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். பொருள் என்று பார்த்தால் எஃகுக் கம்பி, வேறு எதுவும் இல்லை.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கைகளும் கால்களும் காற்றில் ஓடும் மெல்லிய கோடுகள். மார்பும் வயிறும் மட்டும் சுருள்கள். கொசுவத்திச் சுருளைப் போல ஒரு கம்பியைச் சுற்றி, நடுப்புள்ளியை மட்டும் முன்னால் இழுத்தால் ஒரு கூம்பு கிடைக்கும் இல்லையா, அதுதான் மார்பு. சதை கிடையாது, தோல் கிடையாது. ஆனால் அடுத்தடுத்து ஓடும் வளையங்களைப் பார்த்ததும் அங்கே ஒரு மேடு இருப்பதாகக் கண் ஒப்புக்கொள்கிறது. உருவம் தரையில் நிற்காமல் மேலிருந்து தொங்குகிறது. பக்கத்தில் ஆள் நடந்தால் லேசாக அதிரும். சுருள் என்பது ஸ்பிரிங்தானே, ஆகவே அதிர்வு வயிற்றில் அதிகம் தெரியும். ஆடுகிற ஒருத்தியைச் செய்ய இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை.

## எலும்புக்கூடு என்று ஏன் சொல்லக்கூடாது

களிமண்ணில் சிலை செய்பவர்கள் முதலில் உள்ளே கம்பி அல்லது குச்சிகளால் ஒரு தாங்கி கட்டுவார்கள். நம் கோபுரங்களில் சுதைவேலை செய்பவர்களும் நீட்டிய கைக்கு உள்ளே கம்பி கொடுத்துத்தான் மேலே பூசுகிறார்கள். இல்லாவிட்டால் கை தன் எடையிலேயே ஒடிந்துவிழும். இந்த உள்தாங்கியை உட்கூடு என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுக் கலைஞர் டெகா 1881-ல் காட்சிக்கு வைத்த மெழுகு நடனச் சிறுமியைப் பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது, கைகளுக்குள் தூரிகைக் காம்புகள் இருந்தன. கைக்குக் கிடைத்ததை வைத்து அவர் உட்கூடு கட்டியிருக்கிறார்.

கம்பிச் சிற்பத்தைப் பார்த்ததும் பலருக்கு நினைவு வருவது இதுதான். உட்கூட்டை மட்டும் கட்டிவிட்டுப் பூசாமல் விட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் கம்பி எந்த இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். உட்கூட்டுக் கம்பி கையின் நடுவே, எலும்பு இருக்கும் இடத்தில் ஓடும். கால்டர் செய்த முகங்களில் கம்பி நெற்றியின் விளிம்பில் கிளம்பி, மூக்கின் நுனியைச் சுற்றி, உதட்டில் மடங்கி, தாடைக்கு அடியில் திரும்புகிறது. அது ஓடுவது தோல் இருக்கும் இடத்தில். உருவம் முடிகிற எல்லையில் ஓடும் இந்தக் கோட்டுக்குப் புறக்கோடு என்று பெயர்.

வயலைச் சுற்றி வேலி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வேலிக் கம்பியை யாரும் வயல் என்று சொல்வதில்லை. வேலி எல்லையைச் சொல்கிறது, வயல் உள்ளே கிடக்கிறது. கம்பி உருவத்திலும் உடல் என்பது கம்பிக்கு உள்ளே அடைபட்ட காற்றுதான். கலைஞர்கள் இதை வெற்றிடம் என்பார்கள். அதாவது பொருள் இல்லாத, ஆனால் வடிவம் உள்ள இடம். பானைக்குள் இருக்கும் வெறுமைக்கும் பானையின் வடிவம் உண்டு என்பதைப் போல.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கம்பி எல்லை, உடல் வெற்றிடம். சரி, வெற்றிடத்தைப் பார்த்து "இதோ ஒரு பெண் ஆடுகிறாள்" என்று நமக்கு ஏன் தோன்ற வேண்டும்? இதற்கான பதில் பாதி நம் மண்டைக்குள் இருக்கிறது.

## உலகத்தில் கோடு கிடையாது

உங்கள் கையைத் தூக்கிப் பாருங்கள். அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஏதும் ஓடவில்லை. கையின் நிறம் முடிகிறது, பின்னால் உள்ள சுவரின் நிறம் தொடங்குகிறது, அவ்வளவுதான். உலகத்தில் விளிம்புகள் உண்டு, கோடுகள் கிடையாது. இருந்தும் ஒரு குழந்தை தாளில் தன் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால், அது கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

காரணத்தின் ஒரு நுனி 1958-ல் அமெரிக்காவில், கிட்டத்தட்டத் தற்செயலாக அகப்பட்டது. டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனையின் மூளையில், பார்வைக்கான பகுதியில் மிக நுண்ணிய மின்முனை ஒன்றைச் செருகி, எந்தக் காட்சிக்கு எந்தச் செல் பதில் சொல்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஸ்லைடுகளில் புள்ளிகளை வைத்துத் திரையில் காட்டினார்கள். மணிக்கணக்கில் காட்டியும் பலனில்லை. ஒரு ஸ்லைடை மாற்றிச் செருகும்போது மட்டும் செல் படபடவென்று பேச ஆரம்பித்தது. புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்லைடின் கண்ணாடி ஓரம் திரையில் போட்ட மெல்லிய நிழல்கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்ததற்குத்தான் அந்தச் செல் துடித்தது. மூளையின் பார்வைப் பகுதியில், இந்தச் சாய்வுக் கோட்டுக்கு ஒரு செல், அந்தச் சாய்வுக்கு வேறொரு செல் என்று விளிம்பு பிடிக்கும் வேலைக்காகவே செல்கள் இருக்கின்றன என்பது அதிலிருந்து தெளிவானது. 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு வேண்டிய விஷயம் இதுதான்: இந்தச் செல்கள் உண்மையான விளிம்புக்கும் பதில் சொல்லும், வரைந்த கோட்டுக்கும் பதில் சொல்லும். நிழல், நிறம், தோலின் மினுமினுப்பு என்று கண்ணுக்குள் கொட்டும் அத்தனையிலிருந்தும் மூளை முதலில் பிரித்தெடுப்பது விளிம்புகளை. கம்பிச் சிற்பி அந்த விளிம்பை மட்டும் எடுத்து, கையில் பிடிக்கக்கூடிய பொருளாக நம் முன்னால் நிறுத்துகிறார். மூளை செய்யவேண்டிய முதல் வேலையை அவரே செய்து கொடுத்துவிடுகிறார் என்று சொல்லலாம்.

அடுத்தது, விட்டுப்போனதை இட்டு நிரப்பும் பழக்கம். மூன்று வட்டங்களில் கேக் துண்டு வெட்டியதுபோல ஒவ்வொரு கூறை எடுத்து, வெட்டிய வாய்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால், நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை முக்கோணம் தெரியும். அங்கே யாரும் முக்கோணம் வரையவில்லை. இத்தாலிய உளவியலாளர் கனிஸா 1955-ல் வெளியிட்ட படம் இது. மனித உருவம் என்று வந்துவிட்டால் இந்தப் பழக்கம் இன்னும் வலுவாகிவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் யோஹான்சன் 1973-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுக் காட்டினார். அசையாமல் இருக்கும்வரை புள்ளிக் கூட்டம். நடக்க ஆரம்பித்த கணமே பார்ப்பவர்களுக்கு ஒரு மனிதர் தெரிந்தார்.

பன்னிரண்டு புள்ளிக்கே மனிதர் தெரிகிறார் என்றால், வளைந்து நெளியும் ஒரு முழுக் கம்பிக்குத் தெரியாமல் போகுமா? ஆக, கம்பி எல்லையைத் தருகிறது, நம் கண்ணும் மூளையும் உள்ளே சதையை இட்டு நிரப்புகின்றன. கம்பிச் சிற்பத்தைப் பார்ப்பவரும் அதைச் செய்வதில் ஒரு பங்கு வகிக்கிறார்.

## "அசலா இல்லையே" என்கிற குறை

கழுத்து ஏன் இவ்வளவு நீளம், தலை ஏன் சுண்டைக்காய் அளவு, விரல்கள் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. சிற்பிக்குச் சரியாகச் செய்ய வரவில்லை என்ற முடிவுக்கும் அவர்கள் வந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் 2016-லிருந்து வெளிவந்த புதிய வரிசை ரூபாய் நோட்டு ஒன்று இருந்தால் பின்பக்கம் திருப்புங்கள். தூய்மை இந்தியா சின்னமாக ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கும். இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம். கண் இல்லை, மூக்கு இல்லை, முகமே இல்லை. ஆனால் அது யாருடைய கண்ணாடி என்று பள்ளிக்குழந்தையும் சொல்லிவிடும். ஒருவரின் ஆயிரம் அடையாளங்களில் எதைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடுமோ, அதை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி, மீதியை விட்டுவிடுவதற்குப் பெயர் பாணிப்படுத்தல்.

இது குறைவான வேலை என்று நினைப்பதுதான் தப்பு. எதை விடலாம் என்று தெரிய வேண்டுமானால், எல்லாவற்றையும் முதலில் பார்த்திருக்க வேண்டும். கால்டர் பாரிசுக்குப் போவதற்கு முன் பத்திரிகை ஒன்றுக்குப் படம் வரைபவராக இருந்தார். 1925-ல் சர்க்கஸ் கூடாரத்துக்கு அனுப்பப்பட்டு, குதிரையும் கழைக்கூத்தாடியும் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஓரிரு கோடுகளில் பிடித்து வரைந்தார். நகரும் உடலை வரைபவருக்குப் பொத்தானை வரைய நேரம் கிடையாது. முதுகின் வளைவு ஒன்று, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது ஒன்று, இவ்வளவுதான் கையில் தங்கும். அந்தப் பயிற்சிதான் பின்னால் கம்பிக்குள் இறங்கியது.

## தாளில் போட்ட கோடும் காற்றில் போட்ட கோடும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். புறக்கோடு மட்டும்தான் என்றால் தாளில் வரைந்துவிட்டுப் போகலாமே, கம்பி எதற்கு?

தாளில் போட்ட கோட்டுக்கு ஒரே பக்கம்தான். அதை நீங்கள் சுற்றிவர முடியாது. கம்பிக் கோடு முன்னால் வருகிறது, பின்னால் போகிறது. நேரே நின்று பார்த்தால் முகம். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் மூக்கும் காதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வேறு முகம். இன்னும் நகர்ந்தால் ஒரு கணம் எல்லாம் குழம்பி, வெறும் கம்பிச் சிக்கல். அதற்கடுத்த அடியில் பக்கவாட்டுத் தோற்றம் திடீரென்று கூடி வருகிறது. கல்சிலையில் முன்பக்கத்தைப் பார்க்கும்போது முதுகு மறைந்துவிடும். கம்பியில் மறைப்பு கிடையாது. மார்பின் கோட்டையும் முதுகின் கோட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறீர்கள். ஆகவே சிற்பி ஒவ்வொரு கம்பியை வளைக்கும்போதும், அது எத்தனை திசையிலிருந்து எதன்மேல் ஏறி விழும் என்று யோசித்தே வளைக்க வேண்டும்.

இந்த வகை வேலைக்கு அந்தக் காலத்திலேயே "வெளியில் வரைதல்" என்று ஒரு பெயர் வழங்கியது. வெளி என்றால் இங்கே நம்மைச் சூழ்ந்திருக்கும் இடம். அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்லப்படுபவர் ஹூலியோ கொன்சாலெஸ், பார்சிலோனாவின் உலோகவேலைக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரின் முடிவில், 1918-ல், பாரிசுக்கு அருகில் ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கேஸ் வெல்டிங் கற்றார். பத்து ஆண்டு கழித்து அந்தக் கைத்தொழில்தான் பிகாசோவுக்குத் தேவைப்பட்டது.

கவிஞர் அப்பொலினேர் 1918 நவம்பரில் இறந்துபோனார். அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வடித்துத் தரும்படி நண்பர் பிகாசோவைக் கேட்டிருந்தார்கள். 1928-ல் பிகாசோ, கொன்சாலெஸின் துணையோடு, இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துச் சில மாதிரிகள் செய்தார். நேரான கம்பிகள், முக்கோணங்கள், ஒரு நீள்வட்டம், உச்சியில் தலையாக ஒரு சிறு வட்டம். கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல இருக்கும், ஆனாலும் ஓர் ஆள் நிற்பது தெரியும். நினைவுச்சின்னம் கேட்டிருந்த குழுவினர் அதை ஏற்கவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அப்பொலினேர் உயிரோடு இருந்தபோது எழுதிய ஒரு கதையில், கொலையுண்ட கவிஞன் ஒருவனுக்கு ஒரு சிற்பி சிலை வைக்கிறான். கல்லில் அல்ல, வெண்கலத்தில் அல்ல, ஒன்றுமில்லாமையால் ஆன சிலை. மண்ணில் குழி தோண்டி, அந்தக் குழியின் வெறுமையே கவிஞனின் உருவமாக இருக்கும்படி செய்கிறான். அதைப் படித்திருந்த நண்பன் கம்பியால் வெற்றிடத்தைக் கட்டி நிறுத்தியது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கால்டர் புறக்கோட்டால் உடலைச் சுற்றி வளைத்தார், பிகாசோ சாரம் கட்டி நிறுத்தினார். இரண்டிலும் உடல் வெற்றிடத்தில்தான் இருக்கிறது. நாம் நகர நகர அதன் வடிவம் மாறுகிறது. கண்டிப்பாகத் தாளால் தர முடியாதது இது.

## கம்பிக்கு ஒரு குணம் உண்டு

இனி "பிள்ளையே செய்யுமே" என்ற பேச்சுக்கு வருவோம். இதற்குப் பதில் சொல்வதைவிட, ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. நான் பார்த்தேன். கட்டடம் கட்டும் இடங்களில் கம்பி கட்டுபவர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி, ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். 18 கேஜ் கேட்டு வாங்கினேன், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே தடிமன். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் குழப்பம் வராது. கையில் ஒரு குறடு. பக்கவாட்டு முகம் ஒன்றை ஒரே கம்பியில் செய்வது என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்தது, கம்பி சொன்ன இடத்தில் நிற்காது என்பது. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்காக வளைத்துக் கையை எடுத்ததும், கம்பி கொஞ்சம் திரும்பி வந்தது. எந்த உலோகத்தையும் வளைக்கும்போது அதன் வளைவில் ஒரு பகுதி நிரந்தரமாகத் தங்கும், ஒரு பகுதி ஸ்பிரிங்கைப் போலத் திரும்பிவிடும். திரும்பி வரும் அந்தப் பங்குக்கு மீள்வு என்று பெயர். ஆகவே வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, கம்பி தானாகத் திரும்பிச் சரியான இடத்தில் வந்து நிற்கும்படி விடவேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது கம்பிக்குக் கம்பி மாறும். அளவுகோலுக்கு அது வசப்படாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இன்னும் கடுமையானது. மூக்கு சற்று நீண்டுவிட்டது என்று நிமிர்த்தி மறுபடி வளைத்தேன். அந்த இடத்தில் சின்ன முடிச்சுபோல ஒரு நெளிவு விழுந்தது, அப்புறம் அது எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இன்னொரு முறை மாற்றினேன். நான்காவது தடவை கம்பி அந்த இடத்தில் விறைத்துப்போய், வளைய மறுத்து, பக்கத்து இடத்தில் வளைந்தது. ஜெம் கிளிப்பை விரித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கடைசியில் ஒடிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணம்தான். ஒவ்வொரு வளைப்புக்கும் உலோகத்தின் உள் அடுக்குகள் ஒன்றில் ஒன்று சிக்கி, நகர இடமில்லாமல் இறுகிப்போகின்றன. இதைக் கடினமாதல் என்பார்கள். உலோகத்தை நெருப்பில் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளர்ந்து பழையபடி வளையும். கட்டுக்கம்பி கறுப்பாகவும் இளக்கமாகவும் இருப்பதே அது ஏற்கெனவே உலையில் காய்ச்சிப் பதமாக்கப்பட்டு வருவதால்தான்.

பென்சிலில் வரைபவருக்கு ரப்பர் உண்டு. கம்பியில் வரைபவருக்குக் கிடையாது. ஒவ்வொரு தயக்கமும் கம்பியில் பதிந்துவிடும். மூக்கின் கோடு ஒரே மூச்சில் வந்ததா, நாலு தடவை திருத்தி வந்ததா என்று பார்த்தவுடன் தெரியும். கால்டரின் கம்பி முகங்களில் அந்தத் தயக்கத்தைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது.

ஒரே கம்பியில் முகம் போடுவதற்குப் பாதை வகுக்கவும் தெரிய வேண்டும். கம்பிக்கோலம் போடுபவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. எங்கே தொடங்கி, எந்தப் புள்ளியைச் சுற்றி, எந்தக் கோட்டைக் கடந்து மறுபடி தொடங்கிய இடத்துக்கு வருவது என்பதைக் கை அசையும் முன்பே மனது ஓட்டிப் பார்த்திருக்கும். கண்ணைச் செய்துவிட்டு வாய்க்குப் போக, கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு போயாக வேண்டும். அந்தக் கோடு வெறும் வழியாக மட்டும் இருந்தால் முகம் கெட்டுவிடும். அதையே கன்னத்தின் சுருக்கமாக மாற்றத் தெரிந்தவர் கலைஞர். கால்டர் பெரும்பாலும் வெல்டிங்கோ சால்டரிங்கோ செய்யாமல், கம்பியைக் கம்பியில் முறுக்கியும் கொக்கி போட்டும் இணைத்தார். இணைப்புகளும் வெளியே தெரியும், அவையும் உருவத்தின் பகுதி.

அப்புறம் நிற்க வைப்பது. கம்பியின் தடிமனை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு இருமடங்கு கூடும் என்றுதான் தோன்றும். உண்மையில் பதினாறு மடங்கு கூடும். தலைகீழாகப் பார்த்தால், கம்பியைப் பாதி தடிமனாக்கினால் பதினாறில் ஒரு பங்கு விறைப்புதான் மிஞ்சும், நீட்டிய கை தன் எடையிலேயே தொங்கிவிடும். மெல்லிய கோடு வேண்டும், ஆனால் அது தளரக்கூடாது. எல்லாக் கம்பிச் சிற்பிகளும் ஓயாமல் போராடுவது இந்த இடத்தில்தான். பிகாசோவின் மாதிரிகளில் முக்கோணங்கள் நிறைந்திருப்பது அழகுக்காக மட்டும் இருக்காது. சாரம் கட்டும்போது குறுக்கே ஒரு மரம் கொடுப்பார்களே, அதே பலம் முக்கோணத்துக்கு உண்டு. கால்டர் பேக்கரைத் தொங்கவிட்டு அந்தத் தளர்ச்சியையே நடனமாக்கிக்கொண்டார்.

வளைவு மீளும், திருத்தினால் இறுகும், மெலிந்தால் தொங்கும். இந்த மூன்றையும் தாண்டித்தான் ஒரு கம்பிக் கோடு இயல்பாக விழுந்ததுபோல நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

## வேறு வழிகளில் போனவர்கள்

எல்லாக் கம்பி உருவமும் புறக்கோட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லண்டனில் கிரீனிச் அருகே தேம்ஸ் ஆற்றின் மேல் ஆண்டனி கோம்லி 1999-ல் அமைத்த எஃகுச் சிற்பம் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் சிதறிய இரும்புத் துண்டுகளின் மேகம். நடுவே துண்டுகள் நெருங்கி அடர்ந்திருக்கும் இடத்தில், மெல்ல மெல்ல ஒரு மனித உருவம் தெரிய ஆரம்பிக்கும். அங்கே விளிம்பே கிடையாது, அடர்த்திதான் உடல்.

ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ரூத் அசாவா 1947-ல் மெக்சிகோவின் தொலூகாவில் கூடை பின்னும் முறையைக் கற்று, கம்பியைக் கண்ணி கண்ணியாகப் பின்னித் தொங்கும் வடிவங்கள் செய்தார். அவை மனித உருவங்கள் அல்ல, ஆனால் வெற்றிடத்தை அடைத்து வைப்பதில் அவருக்கு இணை சொல்வது கடினம். சென்னையில் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பி, அதன்மேல் கம்பியை ஒட்டவைத்துக் கோடு இழுத்தார். அங்கே உடல் வெற்றிடத்தில் இல்லை, தகட்டில் இருக்கிறது. கம்பி அதற்கு எழுத்தாகிறது. கால்டரும் ஒருமுறை இந்தியா வந்திருக்கிறார். 1955 ஜனவரியில் வடிவமைப்பாளர் கீரா சாராபாயின் அழைப்பில் அகமதாபாதில் தங்கி, சிற்பங்களும் நகைகளும் அங்கேயே செய்தார்.

## நேரில் பார்க்கும்போது

அடுத்த முறை ஒரு கம்பி உருவத்தின் முன்னால் நிற்க வாய்த்தால் அவசரப்படாதீர்கள். முதலில் சுவரையும் தரையையும் பாருங்கள். விளக்கு சரியாக இருந்தால் அங்கே ஒரு நிழல் விழுந்திருக்கும். அது அதே சிற்பி போட்ட இரண்டாவது ஓவியம், தட்டையானது. உருவம் அசைந்தால் நிழல் அதைவிடப் பெரிதாக அசையும்.

அப்புறம் உருவத்துக்கு நேராக, நகராமல் நின்று, ஒரு கண்ணை மூடுங்கள். இரண்டு கண்ணும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்ப்பதை ஒப்பிட்டுத்தான் மூளை அருகில் உள்ள பொருள்களின் ஆழத்தை அறிகிறது. ஒரு கண் மூடியதும் அந்த ஒப்பீடு நின்றுவிடும். கல்சிலை என்றால் அதன் மேல் விழும் வெளிச்சமும் நிழலும் அப்போதும் ஆழத்தைக் காட்டிக்கொடுக்கும். கம்பிக்கு அந்த வசதி இல்லை. சில நொடிகளில் உருவம் தட்டையாகிக் காகிதத்தில் வரைந்த படம்போல ஆகிவிடும். எந்தக் கை முன்னால், எந்தக் கை பின்னால் என்று சொல்ல முடியாது. சில சமயம் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நெக்கர் என்பவர் 1832-லேயே கோடுகளால் ஆன கனசதுரப் படத்தில் இந்த இடமாற்றத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

இப்போது மூடிய கண்ணைத் திறங்கள். கோடுகள் சட்டென்று விலகி, ஒரு தோள் முன்னால் வரும், இன்னொன்று பின்னால் போகும். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் திறந்துகொள்ளும்.